ஒருமுறை எழுதுவோம், பலமுறை எழுப்புவோம்
மெய்நிகர் கணினிகளுக்கான வார்ப்புரு: மேல்நிலை வகுப்புகளுக்கான ஒரு பாடமும் செயல்பாடும்

மேல்நிலை வகுப்புகளுக்குக் கணினி அறிவியல் கற்பிக்கும் நம் எல்லாருக்கும் ஜூன் மாதத்தில் ஒரு வேலை காத்திருக்கும். ஆய்வகத்தின் ஒவ்வொரு கணினியையும் திறந்து, பைத்தான் இருக்கிறதா, எந்தப் பதிப்பு, எஸ்கியூலைட் வேலை செய்கிறதா, பயிற்சிக்கான தரவுக் கோப்புகள் உரிய இடத்தில் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். இல்லாததை நிறுவ வேண்டும். ஒரு கணினியை முடித்து அடுத்ததற்குப் போகும்போது முந்தையதில் என்ன செய்தோம் என்பது பாதி மறந்திருக்கும். அடுத்த ஆண்டு அதே வேலை மீண்டும் முதலிலிருந்து தொடங்கும்.

நான் பணிபுரிவது சேர்வராயன் மலையில் உள்ள ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில். கணினி பழுதானால் சேலத்திலிருந்து ஆள் வரவேண்டும். மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். மழைக்காலத்தில் இடியும் மின்தடையும் சேர்ந்துகொள்ளும். ஒரு கணினி நின்றுவிட்டால், அது மீண்டும் இயங்கும் வரை அதன் முன் அமரும் இரண்டு பிள்ளைகளின் செய்முறைப் பயிற்சியும் நின்றுபோகிறது. என் வகுப்புப் பிள்ளைகள் பலரின் வீட்டில் கணினி கிடையாது. ஆய்வகத்தில் இழந்த பாடவேளையை அவர்களால் வேறெங்கும் ஈடுசெய்ய முடியாது.

ஒரு கணினியை விரைவாக, பிழையின்றி, முன்பிருந்த அதே நிலையில் திரும்ப எழுப்புவது எப்படி? பல்லாயிரம் கணினிகளை இயக்கும் மேகக் கணிமை நிறுவனங்கள் முன்னாலும் இதே கேள்வி இருந்தது. அவர்கள் கண்ட விடைதான் வார்ப்புரு. அந்த விடையைப் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புரியும்படி கற்பிக்கவும், நம் ஆய்வகத்துக்கே பயன்படுத்திக்கொள்ளவும் முடியும். என் வகுப்பில் செய்துவரும் முறையை இங்கே பகிர்கிறேன்.

கற்றல் விளைவுகள்

இப்பாடத்தின் முடிவில் மாணவர்கள்,
1. மெய்நிகர் கணினி, பிம்பக் கோப்பு, வார்ப்புரு ஆகிய மூன்றையும் வேறுபடுத்திக் கூறுவர்.
2. வார்ப்புருவின் நான்கு பகுதிகளை இனங்காண்பர்.
3. ஒரு சிறு வார்ப்புருவை எழுதி, அதைக் கொண்டு ஒரு மெய்நிகர் கணினியை எழுப்பி, அழித்து, மீண்டும் எழுப்புவர்.

மேகத்துக்குள் என்ன இருக்கிறது?

மலைப்பள்ளிப் பிள்ளைகளிடம் மேகம் என்றால் சன்னலுக்கு வெளியே கைகாட்டுவார்கள். எனவே முதலிலேயே தெளிவுபடுத்திவிடுவது நல்லது. மேகக் கணிமையில் வானில் ஒன்றும் இல்லை. தரையில் உள்ள ஒரு பெரிய கட்டடத்தில் அடுக்கடுக்காகச் சேவையகக் கணினிகள் இருக்கின்றன. அவற்றை இணையம் வழியாக வாடகைக்குப் பயன்படுத்துகிறோம். நம் சென்னையிலேயே மைக்ரோசாஃப்ட் 2015 முதல் இத்தகைய தரவு மையத்தை இயக்குகிறது. அமேசான் 2016-இல் மும்பையில் தொடங்கியது. அரசுத் துறைகளுக்கென மேக்ராஜ் திட்டத்தின்கீழ் தேசியத் தகவலியல் மையம் 2014-இல் தேசிய மேகச் சேவையைத் தொடங்கியது.

ஒரு பெரிய சேவையகத்தை மென்பொருளால் பங்கிட்டு, ஒவ்வொரு பங்கும் தனிக் கணினி போலவே இயங்கும்படி செய்வதே மெய்நிகராக்கம். பங்கிடும் மென்பொருளுக்கு ஹைப்பர்வைசர் என்று பெயர். இது புதிய எண்ணம் அன்று. ஐபிஎம் நிறுவனம் 1972-லேயே விஎம்/370 என்ற அமைப்பை வெளியிட்டது. லினக்ஸ் கருவகத்தில் கேவிஎம் என்ற மெய்நிகராக்க வசதி 2007-இல் சேர்ந்தது. இடையில் 2006 ஆகஸ்டில், மெய்நிகர் கணினியை மணிக்கணக்கில் வாடகைக்குத் தரும் சேவையை அமேசான் அறிமுகப்படுத்தியது.

இங்கே ஒரு புதுச் சிக்கல் முளைத்தது. கணினியை விலைக்கு வாங்கிய காலத்தில், அதை ஒருமுறை அமைத்தால் சில ஆண்டுகள் போதும். வாடகைக் கணினியோ தேவைப்படும்போது எழுப்பப்படுகிறது, தேவை முடிந்ததும் அழிக்கப்படுகிறது. ஒரு தேர்வு முடிவுத் தளத்தை எடுத்துக்கொள்வோம். முடிவு வெளியாகும் காலைப்பொழுதில் லட்சக்கணக்கானோர் ஒரே நேரத்தில் நுழைவார்கள். அடுத்த வாரம் ஆளே இருக்காது. அந்தச் சில மணி நேரத்துக்கு மட்டும் ஐம்பது கணினிகள் வேண்டும். ஐம்பதையும் ஒருவர் உட்கார்ந்து கையால் அமைத்துக்கொண்டிருக்க முடியுமா? முடியாது. அமைக்கும் முறையை எழுதி வைத்து, எழுதியதை மென்பொருளே படித்துச் செயல்படுத்தும்படி விட வேண்டியிருந்தது.

பிம்பமும் செய்முறைக் குறிப்பும்

ஒரே மாதிரியான கணினிகளைப் பல முறை உருவாக்க இரண்டு வழிகள் உள்ளன. இவ்விரண்டையும் விளக்க, பிள்ளைகள் அறிந்த மிளகுக்கொடியையே எடுத்துக்கொள்கிறேன். எங்கள் பகுதிக் காபித் தோட்டங்களில் நிழல் மரங்களின் மேல் மிளகுக்கொடி படர்ந்திருக்கும். நல்ல தாய்க்கொடியிலிருந்து ஓடுதண்டை வெட்டி நட்டால் தாயைப் போலவே புதுக்கொடி வளரும். வேலை எளிது. ஆனால் தாய்க்கொடியில் வைரஸ் நோய் இருந்தால் அதுவும் ஒவ்வொரு துண்டோடும் சேர்ந்து வந்துவிடும்.

முதல் வழியான பிம்பக் கோப்பு இதைப் போன்றது. ஒரு கணினியை நன்றாக அமைத்து, அதன் வட்டு முழுவதையும் அப்படியே ஒரே கோப்பாக எடுத்து வைத்துக்கொள்கிறோம். அதிலிருந்து எத்தனை நகல் வேண்டுமானாலும் எடுக்கலாம். பள்ளிக் கல்வியில் இதற்கு நல்ல சான்று நம் அண்டை மாநிலத்தில் உள்ளது. கேரளத்தின் கைட் நிறுவனம், உபுண்டு லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு பள்ளிகளுக்குத் தேவையான மென்பொருள்களையெல்லாம் சேர்த்து ஒரே இயக்க முறைமைத் தொகுப்பாக வெளியிடுகிறது. ஆசிரியர் அதை நிறுவினாலே ஆய்வகம் பாடத்துக்குத் தயார். தமிழ்நாட்டில் 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் மடிக்கணினிகளிலும் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இடம்பெற்றிருந்ததை மூத்த ஆசிரியர்கள் நினைவில் வைத்திருப்பார்கள்.

பிம்பத்தின் குறைகள் மூன்று. கோப்பு மிகப் பெரியது. உள்ளே என்ன இருக்கிறது என்பதைத் திறந்து படிக்க முடியாது. தாய்ப்பிம்பத்தில் ஒரு குறை இருந்தால் எல்லா நகல்களிலும் அதே குறை இருக்கும்.

இரண்டாம் வழி, செய்முறைக் குறிப்பு. கணினியையே நகலெடுக்காமல், அந்தக் கணினி எப்படி இருக்க வேண்டும் என்பதை ஓர் எளிய உரைக்கோப்பில் எழுதுகிறோம். இதுவே வார்ப்புரு. ஒரு பக்கம், இரண்டு பக்கம் இருக்கும். யாரும் படிக்கலாம், திருத்தலாம். போன ஆண்டின் கோப்பையும் இந்த ஆண்டின் கோப்பையும் பக்கத்தில் வைத்து என்ன மாறியது என்று பார்க்கலாம். நடைமுறையில் இரண்டையும் சேர்த்தே பயன்படுத்துகிறார்கள்: அடிப்படை இயக்க முறைமைக்கு ஒரு சிறு பிம்பம், அதன் மேல் செய்ய வேண்டியவற்றுக்கு ஒரு வார்ப்புரு.

வார்ப்புருவின் நான்கு பகுதிகள்

அமேசான் 2011-இல் கிளவுட்ஃபார்மேஷன் என்ற வார்ப்புருச் சேவையை வெளியிட்டது. ஐபிஎம் 2012-இல் தன் பியூர்அப்ளிகேஷன் அமைப்பில் இதே எண்ணத்தைப் ‘பேட்டர்ன்’ என்ற பெயரில் தந்தது. எந்த நிறுவனத்தின் மேகத்துக்கும் பொருந்தும் பொது மொழி வேண்டும் என்று ஒயாசிஸ் என்ற தர அமைப்பு 2013-இல் டோஸ்கா என்ற தரத்தை ஏற்றது. 2014-இல் ஹாஷிகார்ப் நிறுவனத்தின் டெராஃபார்ம் வந்தது. பெயர்களும் எழுதும் முறைகளும் வேறுபட்டாலும், நாம் கற்பிக்க வேண்டியவை நான்கு பகுதிகளே.

அளபுருக்கள்: எழுப்பும் ஒவ்வொரு முறையும் மாறக்கூடியவை. கணினியின் பெயர், நினைவக அளவு, எத்தனை கணினிகள் என்பன. இவற்றுக்கு வார்ப்புருவில் வெற்றிடம் மட்டும் விட்டிருப்போம்.

வளங்கள்: எழுப்பப்பட வேண்டிய பொருள்கள். மெய்நிகர் கணினி, வட்டு, வலையமைப்பு, அதில் நிறுவ வேண்டிய மென்பொருள்கள்.

சார்புகள்: எது முதலில், எது பிறகு. வலையமைப்பு இல்லாமல் கணினியை இணைக்க முடியாது. தரவுத்தளம் எழுவதற்கு முன் அதை நம்பியிருக்கும் செயலி எழுந்தால் பிழைச்செய்திதான் வரும்.

வெளியீடுகள்: எல்லாம் முடிந்தபின் பயனருக்குத் தெரிய வேண்டியவை. புதுக் கணினியின் ஐபி முகவரி, நுழைய வேண்டிய பயனர் பெயர் போன்றவை.

பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூலின் முதல் இயலைக் கற்பித்தவர்களுக்கு இது எங்கோ பார்த்த முகமாகத் தோன்றும். ஆம், வார்ப்புரு என்பது ஒரு செயற்கூறு. அளபுருக்கள் உள்ளே போகின்றன, வெளியீடு திரும்பி வருகிறது. தூய செயற்கூறு ஒரே உள்ளீட்டுக்கு எப்போதும் ஒரே விடையைத் தரும் என்று அதே இயலில் கற்பிக்கிறோம். நல்ல வார்ப்புருவிடமும் அதையே எதிர்பார்க்கிறோம். இன்று எழுப்பினாலும் ஜனவரியில் எழுப்பினாலும் ஒரே மாதிரியான கணினி வரவேண்டும். இதனால்தான் மென்பொருளின் பெயரை மட்டும் எழுதாமல் பதிப்பு எண்ணையும் எழுத வேண்டும். ‘கடைசிப் பதிப்பு’ என்று எழுதினால், அது ஜூனில் ஒன்றாகவும் ஜனவரியில் வேறொன்றாகவும் இருக்கும். செயற்கூறு தூய்மையை இழந்துவிடும்.

இன்னொரு கருத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். கட்டளை வரிசையை எழுதுவது வேறு, விரும்பும் நிலையை எழுதுவது வேறு. ஏற்காடு ஏரிக்கரையில் ஆட்டோவில் ஏறும் ஒருவர், ‘நேராகப் போங்க, வலப்பக்கம் திரும்புங்க, இடப்பக்கம் திரும்புங்க’ என்று சொல்லலாம். அல்லது ‘சேர்வராயன் கோயிலில் இறக்கிவிடுங்கள்’ என்று மட்டும் சொல்லலாம். முதல் வகை, தொடங்கும் இடம் மாறினால் பயன்படாது. இரண்டாம் வகை எங்கிருந்து தொடங்கினாலும் பொருந்தும். கோயில் வாசலிலேயே ஆட்டோ நின்றுகொண்டிருந்தால் ஓட்டுநர் எதுவும் செய்ய வேண்டியதில்லை. டெராஃபார்ம் போன்ற கருவிகள் இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. இருக்கும் நிலையையும் எழுதிய நிலையையும் ஒப்பிட்டு, வேறுபாட்டை மட்டும் சரிசெய்யும்.

செயல்பாடு 1: திருவிழாக் கடை (கணினி தேவையில்லை, ஒரு பாடவேளை)

ஏறத்தாழ 1,620 மீட்டர் உயரத்தில், மலையுச்சியின் சமவெளியில் இருக்கிறது சேர்வராயன் கோயில். சேர்வராயனும் காவேரி அம்மனும் குடிகொண்ட தாழ்வான சிறு குகைக்கோயில் அது. மே மாதத் திருவிழாவுக்குச் சுற்றுக் கிராமங்களெல்லாம் கூடும். விழாவுக்காகக் கடைகள் எழும்பும். முடிந்ததும் பிரித்து எடுத்துப் போய்விடுவார்கள். தேவைக்கு எழுப்பி, தேவை முடிந்ததும் கலைப்பது என்ற மேகக் கணிமையின் இயல்பை எங்கள் பிள்ளைகள் ஆண்டுதோறும் நேரில் பார்க்கிறார்கள். உங்கள் ஊர்த் தேர்த்திருவிழாவையோ வாரச்சந்தையையோ இதற்குப் பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

வகுப்பை ஐந்து பேர் கொண்ட குழுக்களாகப் பிரிக்கவும். ஒவ்வொரு குழுவும் ஒரு தாளில் ‘திருவிழாக் கடை வார்ப்புரு’ எழுத வேண்டும். விதி ஒன்றே: கடை போட்டே அறியாத ஒருவர் இந்தத் தாளை மட்டும் படித்து, யாரையும் கேட்காமல் கடையை எழுப்ப வேண்டும். என் வகுப்பில் ஒரு குழு எழுதியதைச் சற்றுச் சுருக்கித் தருகிறேன்.

நிரப்ப வேண்டியவை: கடையின் பெயர் ____, விற்கும் பொருள் ____, கடையின் நீளம் ____ அடி.
வேண்டிய பொருள்கள்: மூலைக்கு ஒன்றாக 4 கம்பங்கள், நீளம் 10 அடிக்கு மேல் போனால் நடுவில் இன்னும் 2, தார்ப்பாய் 1, கயிறு, மேசை 1, விளக்கு 1, தண்ணீர் டிரம் 1.
வரிசை: கம்பம் நட்டபின் தார்ப்பாய், தார்ப்பாய் கட்டியபின் விளக்கு, மேசையும் டிரம்மும் எப்போது வேண்டுமானாலும் வைக்கலாம்.
முடிவில் சொல்ல வேண்டியது: கடை எண், கடை எந்த வரிசையில் உள்ளது.
கலைக்கும் வரிசை: விளக்கு, தார்ப்பாய், கம்பம். பள்ளத்தை மூட வேண்டும்.

பிறகு தாள்களைக் குழுக்களுக்கிடையே மாற்றிக் கொடுக்கவும். குச்சி, நூல், காகிதம் கொண்டு மேசை மேல் அந்தக் கடையைக் கட்டச் சொல்லவும். எழுதியதை மட்டுமே செய்யலாம். எழுதாததை ஊகித்துச் செய்யக் கூடாது. இந்தக் கட்டத்தில்தான் வகுப்பு கலகலக்கும். கயிற்றை எங்கே கட்டுவது என்று எழுதாத குழுவின் தார்ப்பாய் தரையிலேயே கிடக்கும். ‘இது எல்லாருக்கும் தெரியும்னு எழுதலைங்க சார்’ என்பார்கள். ‘எல்லாருக்கும் தெரியும்’ என்று நாம் நினைப்பவற்றை எழுத வைப்பதே வார்ப்புருவின் வேலை என்பதை அந்த இடத்தில் சொன்னால் மறக்கவே மாட்டார்கள்.

பிள்ளைகள் கேட்கும் கேள்விகள் பாடத்தை மேலும் நகர்த்தும். ‘பத்துக் கடை வேணும்னா பத்துத் தாள் எழுதணுமா?’ என்ற கேள்வி அளபுருவுக்கு இட்டுச் செல்லும். ‘காத்துல ஒரு கடை சாய்ஞ்சா என்ன சார் பண்றது?’ என்று ஒரு மாணவி கேட்டாள். எழுதிய நிலையும் இருக்கும் நிலையும் வேறுபட்டால் கண்டறிந்து சரிசெய்வது பற்றி அன்று பேச முடிந்தது. பள்ளத்தை மூடுவதைக் குறிப்பிட்ட குழுவைத் தனியே பாராட்டினேன். மேகத்தில் கலைக்க மறந்த வட்டுக்கும் முகவரிக்கும் வாடகை ஓடிக்கொண்டே இருக்கும்.

செயல்பாடு 2: ஆய்வகத்தில் ஒரு வார்ப்புரு (இரண்டு பாடவேளை)

மேகக் கணக்கு எதுவும் இல்லாமலே, பணம் செலவழிக்காமலே இதைச் செய்யலாம். கிளவுட்-இனிட் என்ற கட்டற்ற மென்பொருள், உபுண்டுவின் மேகப் பிம்பங்களில் முன்கூட்டியே அமைந்திருக்கிறது. மெய்நிகர் கணினி முதன்முறை எழும்போது, நாம் கொடுத்த உரைக்கோப்பைப் படித்து அதன்படி கணினியை அமைப்பது அதன் பணி. முன்னணி மேகச் சேவைகள் அனைத்திலும் இதே முறை பயன்படுகிறது. உபுண்டுவை வெளியிடும் கனோனிக்கல் நிறுவனத்தின் மல்ட்டிபாஸ் என்ற இலவச மென்பொருள், நம் கணினிக்குள்ளேயே இத்தகைய மெய்நிகர் கணினியை எழுப்பித் தரும். விண்டோஸிலும் லினக்ஸிலும் இயங்கும்.

முன்னேற்பாடு: தலைமையாசிரியரின் ஒப்புதலுடன், கணினி அறிவியல் ஆய்வகக் கணினிகளில் மட்டும் செய்யவும். கணினியின் பயாஸ் அமைப்பில் மெய்நிகராக்க வசதி இயக்கப்பட்டிருக்க வேண்டும். மல்ட்டிபாஸ் எழுப்பும் கணினிக்கு இயல்பாக 1 ஜிபி நினைவகமும் 5 ஜிபி வட்டும் ஒதுக்கப்படும். எனவே 8 ஜிபி நினைவகம் கொண்ட கணினியில் சிரமமின்றி ஓடும். முதல் முறை உபுண்டு பிம்பம் இறங்க நேரமாகும். இணையம் மெதுவாக உள்ள பள்ளிகளில் முதல் நாளே ஒருமுறை எழுப்பி வைத்துவிட்டால் பிம்பம் கணினியில் தங்கிவிடும்.

வார்ப்புருவில் எழுத வேண்டியவற்றைத் தமிழில் முதலில் பலகையில் எழுதுகிறேன்.

கணினியின் நேரம்: இந்திய நேரம்.
நிறுவ வேண்டியது: எஸ்கியூலைட் 3. பைத்தான் 3 உபுண்டுவிலேயே உள்ளது.
உருவாக்க வேண்டிய கோப்பு: பொதுக் கோப்புறையில் மாணவர் மதிப்பெண் மாதிரித் தரவு, கற்பனைப் பெயர்கள் மட்டும்.
எல்லாம் முடிந்ததும் திரையில் காட்ட வேண்டியது: ‘ஆய்வகம் தயார்’.

பிறகு இதை யாம்ல் என்ற எழுத்துமுறையில் மாற்றி எழுதுகிறோம். அதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதல் வரியில் கிளவுட்-கான்ஃபிக் என்ற குறிப்பு அப்படியே இருக்க வேண்டும். இல்லையெனில் கோப்பு இந்த வகையைச் சேர்ந்தது என்று கணினிக்குத் தெரியாது. உள்தள்ளலுக்கு இடைவெளி விசையையே பயன்படுத்த வேண்டும். டேப் விசை கூடாது. உள்தள்ளலைப் பைத்தானிலேயே பழகிய பிள்ளைகளுக்கு இது கடினமாக இராது.

மல்ட்டிபாஸின் லாஞ்ச் கட்டளையுடன் இந்தக் கோப்பின் பெயரைக் கொடுத்தால் கணினி எழும். உள்ளே சென்று எஸ்கியூலைட்டைத் திறந்து, மாதிரித் தரவிலிருந்து ஓர் அட்டவணை உருவாக்கி, ஒரு வினவலை இயக்கச் சொல்கிறேன். அடுத்து வருவதுதான் இந்தச் செயல்பாட்டின் உயிர். டெலீட், பர்ஜ் கட்டளைகளால் அந்தக் கணினியை அடியோடு அழிக்கச் சொல்கிறேன். பிள்ளைகள் தயங்குவார்கள். அமைத்து முடித்த கணினியை யாராவது அழிப்பார்களா? அழித்துவிட்டு, அதே கோப்பைக் கொடுத்து மீண்டும் எழுப்பச் சொல்ல வேண்டும். சில நிமிடங்களில் நேரம், மென்பொருள், மாதிரிக் கோப்பு எல்லாம் முன்பு போலவே வந்து நிற்கும். அவர்கள் உருவாக்கிய அட்டவணை மட்டும் இருக்காது. ‘ஏன் அது மட்டும் வரவில்லை?’ என்று கேளுங்கள். வார்ப்புரு கணினியைத்தான் திரும்பத் தரும், நாம் செய்த வேலையைத் தராது. வேலையைத் தனியே காப்புநகல் எடுக்க வேண்டும் என்ற உண்மையை அவர்களே கண்டடைவார்கள்.

திறமையான மாணவர்களுக்கு ஒரு சவால் கொடுக்கலாம். மாதிரிக் கோப்பைப் பொதுக் கோப்புறையில் வைக்காமல், வார்ப்புருவிலேயே புதிய பயனர் ஒருவரை உருவாக்கி அவருடைய கோப்புறையில் வைக்கச் சொல்லுங்கள். கிளவுட்-இனிட் இயல்பாகக் கோப்புகளை எழுதிய பிறகுதான் பயனர்களை உருவாக்கும். எனவே உரிமையாளர் இல்லாத நேரத்தில் கோப்பு எழுதப்பட்டுச் சிக்கலாகும். கோப்பெழுதும் வேலையைத் தள்ளிவைக்கும் ‘டிஃபர்’ என்ற விருப்பத் தேர்வைத் தேடிக் கண்டுபிடிப்பவர், சார்பு என்றால் என்ன என்பதை நன்றாகப் புரிந்துகொண்டுவிட்டார்.

எட்டில் ஒன்று விடுபட்டால்

கையால் அமைப்பதில் என்ன தவறு என்று மாணவர் கேட்டால் சொல்ல ஓர் உண்மை நிகழ்வு உண்டு. அமெரிக்கப் பங்குச்சந்தையில் நைட் கேபிட்டல் என்ற நிறுவனம் வணிகம் செய்துவந்தது. புதிய மென்பொருளை அதன் எட்டுச் சேவையகங்களில் ஏற்ற வேண்டியிருந்தது. ஏழில் ஏற்றப்பட்டது, ஒன்று விடுபட்டது. 2012 ஆகஸ்ட் 1 அன்று சந்தை திறந்ததும், விடுபட்ட அந்த ஒரே சேவையகத்தில் கைவிடப்பட்டிருந்த பழைய நிரல் விழித்துக்கொண்டு, தேவையற்ற ஆணைகளை ஓயாமல் அனுப்பத் தொடங்கியது. சுமார் 45 நிமிடங்களில் நிறுவனம் இழந்தது 46 கோடி டாலருக்கும் மேல். ஏற்றும் பணியை இரண்டாவது நபர் ஒருவர் சரிபார்க்க வேண்டும் என்ற எழுத்துமுறை நடைமுறை அங்கே இல்லை என்று பின்னர் விசாரித்த அமெரிக்கப் பங்குச்சந்தை ஒழுங்குமுறை ஆணையம் கண்டது.

நம் ஆய்வகத்தில் கோடிகள் இல்லை. ஆனால் இருபது கணினிகளில் ஒன்றில் மட்டும் பழைய பதிப்பு இருந்து, செய்முறைத் தேர்வன்று அதன் முன் அமரும் குழந்தையின் நிரல் பிழை காட்டினால் என்ன ஆகும்? நன்றாகப் படித்த பிள்ளை, தன் நிரலில்தான் தவறு என்று எண்ணித் திருத்தித் திருத்தி நேரத்தை இழக்கும். கணினியைச் சந்தேகிக்கும் துணிவு முதல் தலைமுறையாகக் கணினி தொடும் பிள்ளைக்கு எளிதில் வராது. எல்லாக் கணினிகளும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதை நான் வசதி சார்ந்த ஒன்றாகப் பார்ப்பதில்லை. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே தேர்வு நடக்க வேண்டும் என்பதன் ஒரு பகுதி அது.

ஆசிரியர்கள் கவனிக்க வேண்டியவை

1. கடவுச்சொல்லை வார்ப்புருவுக்குள் எழுதக் கூடாது. வார்ப்புரு பலரிடம் போகும் கோப்பு. கடவுச்சொல்லை எழுப்பும் நேரத்தில் தனியே தர வேண்டும்.

2. மாணவர்களின் உண்மை விவரங்களை, குறிப்பாக எமிஸ் தரவுகளை, பயிற்சிக் கணினியில் ஏற்றக் கூடாது. 2023-ஆம் ஆண்டு மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி 18 வயதுக்குட்பட்டவர்கள் குழந்தைகள். அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும்.

3. மேகச் சேவைகளில் கணக்குத் தொடங்கப் பெரும்பாலும் கடன் அட்டை கேட்பார்கள். மாணவர்களைக் கணக்குத் தொடங்கச் சொல்ல வேண்டாம். நாமும் தொடங்கினால் செலவு எச்சரிக்கையை முதல் நாளே அமைத்துவிட வேண்டும். பயன்பாட்டை அளந்து கட்டணம் பெறுவது மேகக் கணிமையின் அடிப்படை இயல்புகளுள் ஒன்று என்று அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் 2011-இல் தந்த வரையறையே சொல்கிறது. மின்விசிறியை அணைக்காமல் போனால் மின்கட்டணம் ஏறுவதைப் போன்றதுதான் இது.

4. வார்ப்புருவைத் திருத்தும்போதெல்லாம் தேதியும் காரணமும் ஒரு வரியில் குறிக்கவும். கிட் மென்பொருள் தெரிந்தவர்கள் அதைப் பயன்படுத்தலாம். தெரியாவிட்டால் தேதியிட்ட கோப்புப் பெயரே போதும்.

5. எழுதிய கணினியிலேயே சோதித்துவிட்டு நிறுத்தாமல், வேறொரு கணினியிலும் எழுப்பிப் பார்க்கவும். அங்கேயும் எழுந்தால்தான் வார்ப்புரு முழுமையானது.

மதிப்பீட்டு வினாக்கள்

1. பிம்பக் கோப்புக்கும் வார்ப்புருவுக்கும் உள்ள வேறுபாடுகள் மூன்றைக் கூறுக.
2. உங்கள் வீட்டுத் திருமணத்துக்கு உணவு சமைக்க ஒரு வார்ப்புரு எழுதுகிறீர்கள். அதில் அளபுரு எது? வளங்கள் எவை? சார்புக்கு ஓர் எடுத்துக்காட்டுத் தருக.
3. வார்ப்புருவில் மென்பொருளின் பதிப்பு எண்ணை ஏன் குறிப்பிட வேண்டும்? தூய செயற்கூறுடன் ஒப்பிட்டு விளக்குக.
4. மெய்நிகர் கணினியை அழித்து மீண்டும் எழுப்பியபோது எது திரும்பி வந்தது, எது திரும்பி வரவில்லை? ஏன்?
5. சிந்தனை வினா: எட்டுச் சேவையகங்களையும் ஒரே வார்ப்புருவிலிருந்து எழுப்பியிருந்தால் நைட் கேபிட்டலின் இழப்பைத் தவிர்த்திருக்க முடியுமா? வார்ப்புருவிலேயே பிழை இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

ஐந்தாம் வினாவின் இரண்டாம் பகுதிக்கு நேரம் ஒதுக்குங்கள். ஒரு வார்ப்புருவின் பிழை எட்டு இடத்திலும் ஒரே நேரத்தில் எழும் என்று மாணவர்கள் சொல்வார்கள். அது சரியான விடை. அந்தப் பிழை எழுத்தில் இருப்பதால் இரண்டாமவர் ஒருவர் படித்துக் கண்டுபிடிக்க வாய்ப்புண்டு என்பதையும் அவர்களைச் சொல்ல வைக்க வேண்டும்.

நம் பள்ளிக்கு என்ன பயன்?

ஆய்வகத்தை எப்படி அமைப்பது என்ற அறிவு பெரும்பாலான பள்ளிகளில் ஒரே ஓர் ஆசிரியரின் கையில்தான் இருக்கிறது. எந்த மென்பொருளை எங்கே நிறுவினார், எந்தக் கணினிக்கு என்ன பக்குவம் என்பது அவருக்கு மட்டுமே தெரியும். இடமாறுதல் கலந்தாய்வில் அவருக்கு வேறு பள்ளி கிடைத்தால், அந்த அறிவும் அவருடனே மலை இறங்கிவிடும். புதிதாக வருபவர் ஜூன் மாத வேலையை முதலிலிருந்து தொடங்குவார். அந்த இடைவெளியில் இழப்பு பிள்ளைகளுக்குத்தான். வார்ப்புரு எழுதப்பட்டிருந்தால் புதிய ஆசிரியர் அதைப் படித்து, எழுப்பி, தன் தேவைக்கேற்பத் திருத்திக்கொள்வார்.

எனவே ஒரு சிறு தொடக்கத்தைப் பரிந்துரைக்கிறேன். மல்ட்டிபாஸும் கிளவுட்-இனிட்டும் பிறகு வரட்டும். இந்த வாரம் உங்கள் ஆய்வகத்தின் ஒரே ஒரு கணினியை எடுத்து, அதில் என்னென்ன மென்பொருள்கள், எந்தெந்தப் பதிப்புகள், எந்த வரிசையில் நிறுவப்பட்டன என்று ஒரு தாளில் எழுதுங்கள். அந்தத் தாளை ஒரு மாணவரிடம் கொடுத்து, அடுத்த கணினியை அதன்படி அமைக்கச் சொல்லுங்கள். அவர் எங்கெல்லாம் நின்று உங்களைக் கேட்கிறாரோ, அங்கெல்லாம் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் ஒன்றுமே கேட்காமல் முடிக்கும் நாளில் உங்கள் பள்ளியின் முதல் வார்ப்புரு தயாராகியிருக்கும். ஒரு நகலை ஆய்வகப் பதிவேட்டில் ஒட்டி வையுங்கள்.